இருபது வருடம் காத்திருந்த பரோலோ

டூரின்,
நவம்பர் 12

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். "நிலவறையில் கிடத்தி வைத்திருக்கும் அந்தப் புட்டியை எப்போதுதான் திறக்கப் போகிறாய்?" என்று கடிதம் தவறாமல் கேட்பாயே, சனிக்கிழமை இரவு திறந்துவிட்டேன். 2001ஆம் ஆண்டு அறுவடையின் பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயின், செர்ராலுங்கா கிராமத்தது, 2005இல் கடைக்கு வந்தவுடன் வாங்கியது. நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்யும் இந்த ஒயினை, மரப்பீப்பாயில் 18 மாதமாவது வைத்து, மொத்தம் 38 மாதம் கழித்தே விற்கலாம் என்பது இன்றைய விதி. செர்ராலுங்காவின் சுண்ணாம்பு மண்ணில் விளைந்ததற்கு அதுவும் போதாது என்பார்கள்.

வண்டல் படியட்டும் என்று இரண்டு நாள் புட்டியை நிமிர்த்தி வைத்திருந்தேன். கடைசியில் நானே அவசரப்பட்டுத் திருகியதில் தக்கை பாதியில் முறிந்து உள்ளே விழுந்தது. துணியில் வடிகட்ட வேண்டியதாயிற்று. குவளையில் ஊற்றியபோது மனம் விட்டுப்போனது. நெபியோலோ இளமையிலேயே வெளிறியதுதான் என்றாலும், இது நனைந்த செங்கல் நிறத்தில், விளிம்பில் செம்புக் குடத்தின் மஞ்சளோடு, கெட்டுப்போனது போலவே இருந்தது. மணமும் பூட்டிக் கிடந்த அறையின் வாடைதான்.

ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் முகர்ந்தேன். ரோஜாவும் தாரும் என்று பரோலோவைப் பற்றி இங்கே வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். வெறும் பேச்சென்று நினைத்திருந்தேன். சாமி படத்திலிருந்து மறுநாள் காலையில் எடுக்கும் ரோஜா மாலையின் வாசமும், அதனடியில் வெயிலில் இளகிய தார்ச்சாலையின் வாசமும் ஒன்றாக எழுந்தபோது, ஒப்பித்தவர்களிடம் மனதிற்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சுவையைச் சொல்ல நமக்குத்தான் வசதி. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஒயினில் இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளை இங்குள்ளவர்கள் சுவையாகவே கணக்கில் எடுப்பதில்லை. நாக்கில் படும் ஒரு சொரசொரப்பு, தொடு உணர்வு என்கிறார்கள். நாமோ துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்து, நெல்லிக்காயிலும் வாழைப்பூவிலும் பிள்ளைப் பருவத்திலேயே பழகிவிட்டோம். இதே ஒயினை 2005இல் ஒரு வாய் குடித்தபோது, பச்சைப் பாக்கை மென்றது போலக் கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடித்தது நினைவிருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்த டானின்கள் ஒன்றோடொன்று இணைந்து கனத்து, ஒரு பகுதி வண்டலாக இறங்கிவிட்டது. மிச்சமிருப்பது நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தபின் தங்கும் அளவுக்குத்தான்; அதன் மேல் காய்ந்த செர்ரியின் புளிப்பும், எங்கிருந்தோ லேசான இனிப்பும். புளிப்பு மட்டும் இன்னும் வாலிபமாகவே இருக்கிறது; அது இல்லையென்றால் சப்பென்றிருக்கும்.

உனக்காக என்று அரைக் குவளை எடுத்து மூடி வைத்திருந்தேன். மறுநாள் மாலை நானே குடித்துப் பார்த்தேன்: ரோஜா போய்விட்டது, தார் போய்விட்டது, துவர்ப்பு மட்டும் இருந்தது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்