அப்பாவின் வேலைகளை ஏற்றுக்கொண்ட எல்லாருக்கும் எங்கள் நன்றி

அன்புள்ள உறவினர்களே, நண்பர்களே, ஊர்மக்களே,

அப்பா மறைந்த செய்தி கேட்டு ஓடிவந்தவர்கள், வர முடியாமல் போனில் ஆறுதல் சொன்னவர்கள், எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் பதினாறாம் நாள்வரை சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காமார் எல்லாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

ரப்பர் பால்வெட்டு, ரேடியோ ரிப்பேர், பஸ் கண்டக்டர் வேலை, மார்த்தாண்டம் பக்கத்துக்கே உரிய தேனீ வளர்ப்பு என்று அவர் கைவைத்த தொழில்கள் பல. வீட்டில் இருக்கும் நேரத்தில் ஆர்மோனியம், சிற்றலை வானொலி, பேரப்பிள்ளைகள். அவர் விட்டுச்சென்ற வேலைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டவர்களுக்கு வெறும் நன்றி போதாது. அவருடைய பக்குவங்களையும் இந்த மடலோடு ஒப்படைக்கிறோம்.

முதல் நன்றி, அந்த இரவில் வந்த நர்ஸ் சகோதரிக்கு. கண் தானம் அப்பாவின் விருப்பம். கூட்டம் சேர்ந்ததும் யாரோ மின்விசிறியை வேகமாக வைத்தார்கள். சகோதரிதான் உடனே நிறுத்தினார். காற்றுப் பட்டால் கருவிழி காய்ந்து பயன்படாமல் போய்விடும். இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையணையால் தலையை உயர்த்தினார். கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண் வங்கிக் குழு வந்து அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டது. முகத்தில் வித்தியாசமே தெரியவில்லை. கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர் கொடுக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். கொடுக்கலாம். முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை, குடும்பத்தார் சம்மதித்தால் போதும்.

தேன்பெட்டிகளை ஏற்றுக்கொண்ட தம்பிக்கு என்ன கைம்மாறு செய்வதென்று தெரியவில்லை. இருட்டி, எல்லாத் தேனீயும் உள்ளே அடைந்தபிறகு வாசலை வலையால் அடைத்து, தேனடை கட்டியிருக்கும் சட்டங்கள் வண்டியின் நீளவாக்கில் இருக்கும்படி ஏற்றினார். குறுக்கே வைத்திருந்தால் பிரேக் போடும்போதெல்லாம் அடைகள் ஆடி மோதி, ராணியே நசுங்கியிருக்கும். அவர் தோட்டம் தொலைவில் இருப்பதும் நல்லதாயிற்று. பக்கத்திலேயே மாற்றினால் மேயப்போன தேனீ பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

இனி வரும் மாதங்களுக்கு அப்பா சொல்லும் முறை இதுதான். ரப்பர் தோட்டத்தில் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்ந்து, தை மாசி பங்குனியில் தளிர்விடும்போது இலைக்காம்பின் நுனியில் சுரக்கிறது. அதற்கு முன்பே, ஐப்பசி கார்த்திகையில், கூட்டத்தைப் பிரித்துப் பலப்படுத்த வேண்டும். அடையில் முக்கால்வாசி அறைகளாவது மெழுகால் மூடியபிறகே தேன் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தண்ணீர்ச் சத்து மிகுந்து தேன் புளித்துப் பொங்கும். புழு அறைத் தேனைத் தொடக்கூடாது, அது அவற்றின் சாப்பாடு.

பஞ்சம் வருவது மழைக்காலத்தில்தான். அப்போது சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கொதிக்கவைத்து ஆற்றி, சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் உட்கார நாலு குச்சி போட்டு, அந்தி நேரத்தில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெளியே ஒரு சொட்டுச் சிந்தினாலும் எறும்பு வரும், பக்கத்துப் பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வரும். தேனீ மூடாத வெற்று அடையை உள்ளே விட்டுவைத்தால் மெழுகுப்பூச்சி முட்டையிடும். பெட்டிக்கால் நிற்கும் கிண்ணங்களில் தண்ணீர் வற்றக்கூடாது.

1991-92ல் புழுக்களைத் தாக்கும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் குமரி மாவட்டத்துத் தேனீக்கூட்டங்களை ஏறக்குறைய துடைத்துப்போட்டது. புழுக்கள் நீர் கோத்த பையாகி, தலை நிமிர்ந்து அறைக்குள்ளேயே கிடக்கும். மருந்து இல்லை. அப்பாவின் பெட்டிகளும் காலியாயின. ஆனால் ஒன்றையும் அவர் விறகுக்குப் போடவில்லை. ஓய்வுபெற்றபின் மரப்பொந்திலிருந்து பிடித்த கூட்டத்தில் மறுபடி தொடங்கினார். அப்படிப்பட்ட புழுவைக் கண்டால் அந்தப் பெட்டியின் அடையை இன்னொன்றுக்கு மாற்றவே கூடாது. நோயைத் தாங்கி நின்ற கூட்டத்திலிருந்து மட்டுமே பிரிக்க வேண்டும்.

வால்வு ரேடியோக்களை வாங்கிச்சென்ற நண்பர்களுக்கு நன்றியும் ஒரு வேண்டுகோளும். நெடுநாள் கிடந்த செட்டை நேராகக் கரண்டில் சொருகாதீர்கள். 60 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி, போட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் பயமில்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், பெரும்பாலும் ஃபில்டர் கண்டன்சர். மெழுகு பூசிய பழைய பேப்பர் கண்டன்சர்களைச் சோதிக்காமலே மாற்றிவிடலாம். அவுட்புட் வால்வுக்கு முன்னால் இருப்பது கசிந்தால் வால்வு சூடேறி, டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் செட்டுகளில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமான சேசிஸிலேயே கரண்ட் இருக்கும், வெறுங்கை வைக்காதீர்கள்.

நிகழ்ச்சியைக் கேட்டதாக எழுதும் நேயர்களுக்கு நிலையங்கள் அனுப்பும் வானொலி அட்டைகளை அவர் சேர்த்துவைத்திருந்தார். அவற்றை ஆல்பமாக்கிப் பாதுகாக்கும் நேயர் நண்பர்களுக்கும் நன்றி. வத்திக்கான் வானொலிக்கும் மணிலாவின் வெரித்தாஸ் வானொலிக்கும் அவர் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அலைவரிசை, உலக நேரம், ஒலித்தரத்தைச் சொல்லும் ஐந்து எண், கேட்ட நிகழ்ச்சியின் விவரம் எல்லாம் இருக்கும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க மறந்துவிட்டு, அட்டை வரவில்லையே என்று காத்திருப்பவர்களை அவர் பொறுமையாகத் திருத்துவார். பிபிசியின் லண்டன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017ல் நின்றபோது அவர் மிகவும் வருந்தினார்.

டெப்போவில் அவரோடு வேலைபார்த்த தோழர்கள் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைந்தார்கள். 21 நாளுக்குள் இறப்பைப் பதியவைத்து, சான்றிதழில் பல நகல் வாங்கச் சொன்னதும், வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் அம்மாவின் இனிஷியல் ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்ததும் அவர்கள்தான். மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தராமல், எப்படியாவது சில்லறை தேடிக் கையில் கொடுக்கும் மனுஷன் என்று அவரைப் பற்றிச் சொன்னார்கள். பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டாவைப் பற்றி அதைக் கேட்டது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆர்மோனியம் பஜனைக் குழுவிடம் போயிருக்கிறது; துருத்தியை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிப்பேருக்குத் தந்த ரேடியோக்கள் சில இன்னும் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயரும் பழுதும் எழுதிய அட்டை கட்டியிருக்கிறார். ‘முடிந்தது’ என்று எழுதியிருப்பவை பாடுகின்றன. உரியவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து எடுத்துக்கொள்ளலாம். கூலி தர வேண்டாம்.

இப்படிக்கு,
மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்