மாலை வகுப்புக் கூடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கூரை ஒழுகலை அடைத்தாயிற்று. வயரிங் புதிது. கழிப்பறை இரண்டு. இவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் நீட்டவில்லை.

எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: பூச்சு வேலை ஏன் மூன்று வாரம் நின்றது? "பிள்ளைகளை விட்டு காண்ட்ராக்டர் பில்லைத் திருத்தினீங்களாமே" என்று பொதுக்குழுவில் ஒருவர் சிரித்தார். ஆமாம், திருத்தினார்கள்.

பில்லை நாங்கள் மூன்று பேர் பார்த்தோம். கூட்டல் சரியாக இருந்தது, கையெழுத்துப் போடப் போனோம். டீச்சர்தான் ஒரு நகல் கேட்டார். அன்று மாலைப் பாடம் பரப்பளவு. பகலில் லாரி ஷெட்டில் வேலை பார்க்கும் பையன், ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோன பெண், கணக்கு என்றாலே எழுந்து போகிற இன்னும் நாலைந்து பேர், டேப்பைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக அளந்தார்கள். ஜன்னல் ஆறு, ஒவ்வொன்றும் 1.2-க்கு 1.2 மீட்டர். கதவு இரண்டு, 1-க்கு 2.1. பில்லில் எதையுமே கழிக்கவில்லை. உள்ளும் புறமும் சுவர் முழுக்கப் பூசியதாகக் கணக்கு.

ஒப்பந்தப்படி அரை சதுர மீட்டருக்கு மேல், 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கத்தைக் கழிக்க வேண்டும். "ஓரமெல்லாம் பூசியிருக்கேனே, அதுக்கு யார் கொடுப்பா?" என்றார் காண்ட்ராக்டர். "அதுக்குத்தான் இன்னொரு பக்கத்தைக் கழிக்காம விட்டிருக்கு" என்றாள் அந்தப் பெண். பிள்ளைகள் கணக்கில் 13.2 சதுர மீட்டர் குறைந்தது. அவர் கோபித்துக்கொண்டு ஆட்களைக் கூட்டிப் போய்விட்டார்.

போனால் போகட்டும், கொடுத்துவிடலாம் என்று குழுவிலேயே பேச்சு வந்தது. பேசியவர்களில் நானும் ஒருவன். ஒரே ஓட்டில்தான் அந்த முடிவு தோற்றது.

இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பிள்ளைகள் கழித்ததில் ஒரு வென்டிலேட்டரும் சேர்ந்திருந்தது. 0.6-க்கு 0.6, அதாவது 0.36தான், கழிக்கவே கூடாது. லாரி ஷெட் பையன் தானாகவே கண்டுபிடித்து டீச்சரிடம் வந்தான். "அவர் தப்பைச் சொல்லத் தெரிஞ்சுதில்ல, இதையும் நீயே போய்ச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார். காண்ட்ராக்டர் வீட்டு வாசலில் நோட்டை விரித்து, தப்பான வரியை விரலால் காட்டியபடி நின்றானாம், நகத்தில் கிரீஸ். 12.84-க்கு அவர் ஒத்துக்கொண்டார். மறுநாள் ஆட்கள் வந்தார்கள். எங்கள் மூன்று கடிதத்துக்கு அசையாத மனிதர்!

நன்கொடைகள்: பெஞ்சுகள், டீச்சரின் முதல் அணி மாணவர்கள். மின்விசிறிகள், நாலு முறை தவறி ஐந்தாம் முறை தேறியவர். அலமாரி, பழைய மாணவி ஒருவரின் அம்மா. கரும்பலகை, பெயர் போட வேண்டாம் என்றவர். மணல் இறக்கிக் கொடுத்தவர்கள், லாரி ஷெட் தோழர்கள். மற்ற பெயர்கள் கூடத்துப் பலகையில் உள்ளன. இரண்டு எழுத்துப்பிழை உண்டு, திருத்தச் சொல்லியிருக்கிறோம்.

அந்தக் காண்ட்ராக்டர் இப்போது பையனை அளவெடுக்கும் வேலைக்குக் கேட்கிறார். பரீட்சை முடியட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அளவுப் புத்தகமும் கணக்கும் அலமாரியில் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் மாலையில் வந்து பார்க்கலாம். வகுப்பு நடந்துகொண்டிருந்தால் வெளியே நிற்க வேண்டியிருக்கும்; எங்களையும் டீச்சர் அப்படித்தான் நிறுத்தினார்.