எட்டாம் கட்டில் பக்கம் போகாத சிஸ்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதத்தில் ஒருவர், தன் தாயார் இறந்த இரவில் வார்டு நர்ஸ் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார். ‘கல்நெஞ்சக்காரி’ என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அரசு மருத்துவமனைகளில் 34 வருடம் வேலை பார்த்தவள் நான். அந்த நர்ஸாக நானும் இருந்திருக்கிறேன்.

பணியில் சேர்ந்த புதிது. ஆண்கள் வார்டில் எட்டாம் கட்டிலில் ஒரு தச்சு ஆசாரி, வயிற்றில் புற்றுநோய். ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்கு அந்தக் கட்டில் வந்ததும் நடை வேகமாகிவிடும். எனக்கும்தான். சலைன் பாட்டிலை மாற்றுவேன், பி.பி. பார்ப்பேன், சார்ட்டில் எழுதுவேன். அவர் கண் என் முகத்தைத் தேடுவது தெரியும். பாட்டிலைப் பார்த்தபடியே நகர்ந்துவிடுவேன். ஒரு நாள் ராத்திரி கையைப் பிடித்துக்கொண்டு, “எப்பம்மா வீட்டுக்கு விடுவீங்க?” என்றார். “எல்லாம் சரியாயிடும், தூங்குங்க ஐயா” என்றேன். அவர் சிரித்தார். “கால் ஆடுற கட்டிலைத் தச்சனுக்குத் தெரியாதா தாயி?” என்றார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். வாரலீவு முடிந்து வந்தபோது எட்டாம் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

மனசில்லாமல் ஓடவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் ஓடினேன். மூன்று வருட நர்சிங் படிப்பில், உயிர் போன பிறகு செய்ய வேண்டியதற்குப் பாடம் இருந்தது. கண்ணை மூடுவது, தாடையைக் கட்டுவது, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது என்று எல்லாம் வரிசையாகச் சொல்லித் தந்தார்கள். பரீட்சையில் கேள்வியும் வந்தது. அதற்கு முந்தின நாள் அந்த மனிதரிடம் என்ன பேசுவது, அது மட்டும் எந்த நோட்டிலும் இல்லை. போதாக்குறைக்கு, நாற்பது பேருக்கு ராத்திரியில் ஒரே நர்ஸ். பிழைக்கப் போகிறவரிடம்தான் கால் முதலில் போகும்.

2015-ல் லீவு போட்டுக் கோழிக்கோட்டுக்குப் போய்ச் சில வாரம் பயிற்சி எடுத்தேன். 1993-லேயே வலி தணிப்பு சிகிச்சைக்கென்று ஒரு சங்கம் தொடங்கிய ஊர் அது. 1967-ல் லண்டனில் இதற்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் நர்ஸாக இருந்தவர் என்பதையும் அங்கேதான் கேள்விப்பட்டேன். நர்ஸ் படிப்பு படித்த எனக்கு அதுவரை தெரியாது! கடும் வலிக்கான மார்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவார் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரையாகக் கொடுக்கலாம், கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து தர வேண்டும், அளவு சரியாக இருந்தால் வலி அடங்கி எழுந்து உட்கார்ந்து பேரனோடு பேசுவார் என்பதைக் கண்ணால் பார்த்தேன். அப்போதெல்லாம் ஆசாரி நினைவுதான்.

திரும்பி வந்த பிறகு பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. உலர்ந்த வாயைத் துடைத்துவிட்டேன். தொண்டையில் கறகறவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். சொந்தக்காரர்கள் பால் ஊற்ற வந்தால் முன்பெல்லாம் புரையேறும் என்று திட்டி விரட்டுவேன். அப்புறம், பஞ்சில் நனைத்து உதட்டில் தடவச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களுக்கும் மனசு ஆறியது, அவருக்கும் மூச்சு முட்டவில்லை. “நான் செத்துடுவேனா சிஸ்டர்?” என்று கேட்டால், “ஏன் அப்படித் தோணுது?” என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கு நர்ஸ்கள் வீட்டுக்கே போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் ராத்திரி வார்டில் தனியாக நிற்கும் இருபத்துநான்கு வயது நர்ஸுக்கு, சாகப்போகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று யார் சொல்லித்தருவது? புதிதாகச் சேரும் ஒவ்வொரு நர்ஸையும் ஒரு வாரம் அந்தத் திட்டத்து நர்ஸ்களோடு வீடு வீடாக அனுப்பலாம். வகுப்பறை வேண்டாம், பவர்பாயின்ட் வேண்டாம். இரவு ட்யூட்டிக்கு இரண்டாவது ஆளையும் போட்டால், ஸ்டூலை இழுத்துப்போட நேரமும் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்,
மன்னார்குடி.