கூரை மட்டும் வீடாகாது: மலையக வீட்டுத் திட்டங்களை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

தை, மாசியில் இலங்கை மலையகத்தின் நுவரெலியாப் பக்கம் உறைபனி இறங்கித் தேயிலைக் கொழுந்து கருகினால் அது நாடறிந்த செய்தியாகிறது. அதே இரவில், அந்தத் தேயிலை மலையை ஒட்டிய லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு அறையில், தகரத்துக்குக் கீழே படுத்திருந்த கைக்குழந்தையும் முதியவரும் எப்படி விடியும்வரை தாங்கினார்கள் என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. இந்த மடல் அந்தக் குழந்தைகளுக்காகவும் முதியவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

வெறும் தகரக் கூரை, வீட்டுக்குள் இருக்கும் சூட்டை இருட்டிய சில மணி நேரத்திலேயே வானத்துக்கு விட்டுவிடுகிறது. சில்லிட்ட தகரத்தின் உட்புறத்தில் மூச்சுக்காற்றின் ஈரமும், அடுப்புக்கு மேல் காயப்போட்ட மழைத்துணியின் ஈரமும் நீராகப் படிந்து, விடியற்காலையில் கம்பளியின் மேல் சொட்டுகின்றன; சுவர் பூஞ்சணம் பிடிக்கிறது, பிள்ளைகளுக்கு இளைப்பு வருகிறது. குளிர்ப் பிரதேசங்களில் வீட்டின் உள்வெப்பநிலை 18 பாகை செல்சியசுக்குக் குறையாதிருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டின் வழிகாட்டலில் கூறியது. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏறிய மின் கட்டணத்தைச் செலுத்தவே திணறிய குடும்பங்களிடம் ஹீட்டர் வாங்கச் சொல்ல முடியாது. இருக்கிற சூட்டை வெளியேறாமல் காப்பதுதான் அவர்களுக்கு இயலும் வழி.

வறிய குடும்பங்களின் வீடுகளுக்கு வெப்பக் காப்பு அமைத்துக் கொடுப்பது அரசின் பொறுப்பே என்பதைப் பிற நாடுகள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. அமெரிக்காவில் இதற்கான திட்டம் 1976 முதல் நடைபெறுகிறது. நியூசிலாந்தில் சுமார் 1,350 வீடுகளில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு, காப்பிட்ட வீடுகளில் குளிரும் ஈரமும் தணிந்ததையும், மூச்சிரைப்பும் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லாத நாட்களும் குறைந்ததையும் காட்டியது. 2009இல் அந்நாட்டு அரசு மானியத்துடன் கூடிய பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

இங்கே நாங்கள் கேட்பது அதைவிட மிகச் சிறியது. இந்திய உதவியுடனான வீட்டுத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் எங்கள் மக்களுக்கென ஒதுக்கப்பட்டன. காணியோடு கூடிய தனிவீடு என்பது எத்தனை தலைமுறைகளின் கனவு என்பதை அறிந்தே, நன்றியோடுதான் இதை எழுதுகிறோம். எனினும், இனிக் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டிலும் கூரைக்குக் கீழே சீலிங்கும், அதன் மேல் வெப்பக் காப்புப் படலமும், இடைவெளி விடாமல் பொருந்தும் கதவு, ஜன்னல்களும் அடிப்படை வேலைகளாகவே கணக்கிடப்பட வேண்டும். கொழும்பில் வெயிலைத் தடுக்கக் கூரைக்குக் கீழே விரிக்கும் வெள்ளித்தாள் ஒட்டிய நுரைப்படலம் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கிறது. அதுவே இங்கே சூட்டைப் பிடித்து வைக்கவும் உதவும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். விறகடுப்பு புகைந்துகொண்டிருக்கும் வீட்டின் இடுக்குகளை அடைத்தால் நன்மை செய்யப்போய்த் தீமையாகிவிடும், ஏனெனில் இப்போது புகை வெளியேறுவதே அந்த இடுக்குகளின் வழியாகத்தான். எனவே முதல் வேலை, புகைபோக்கியுள்ள நல்ல அடுப்பு. அதன் பிறகே காப்பு வேலை. பழைய அஸ்பெஸ்டஸ் கூரைகளைத் துளைக்கவோ உடைக்கவோ குடியிருப்பாளரிடமே விட்டுவிடாமல் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு செய்விக்க வேண்டும்.

புது வீடு கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் லயத்திலேயே காத்திருக்கப் போகிறவர்கள்தான் எங்கள் பெரிய கவலை. நிலமும் லயமும் தங்களுடையதல்ல என்பதால், கையில் நாலு காசு சேர்ந்தாலும் ஒரு பலகை அடிக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. பெருந்தோட்டக் கம்பனிகளுடன் பேசி, இத்தகைய சிறு திருத்தங்களுக்குப் பொது அனுமதி பெற்றுத் தர அமைச்சினால் முடியும். கைக்குழந்தைகளும், நெஞ்சு நோயுள்ளவர்களும், முதியவர்களும் வாழும் காம்பராக்கள் எவை என்பதைத் தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தர்கள் அறிவார்கள். அந்தக் காம்பராக்களிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.

அடுத்த கட்ட வீடுகளுக்கு விலைமனு கோரப்படுவதற்கு முன்பாகவே மதிப்பீட்டுப் பத்திரத்தில் சீலிங், வெப்பக் காப்பு, புகைபோக்கி ஆகிய மூன்றும் சேர்க்கப்பட வேண்டும் என்றும், சேர்க்க இயலாதெனில் அதற்கான காரணத்தைத் தமிழிலும் எழுத்திலும் எங்களுக்கு அறியத்தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வண்ணம்,
நுவரெலியா மாவட்டத் தோட்டக் குடியிருப்பாளர்கள் சார்பில்