ஜென்டாமைசின் ஊசியும் உட்செவியும்: மருத்துவமனை மருந்துக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தீவிரமான பாக்டீரியத் தொற்றுக்கு ஜென்டாமைசின் ஊசி போடப்படும் வார்டுகளில் மருந்தாளுநராகப் பணியாற்றுபவள் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். இந்த மருந்தைக் கைவிடுங்கள் என்று கேட்பது என் நோக்கமன்று. சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் ஒருவருக்குக் கிராம் நெகட்டிவ் என்னும் வகைப் பாக்டீரியாக்களை விரைந்து கொல்லும் மருந்து தேவைப்படுகிறது. 1963இல் கண்டறியப்பட்ட ஜென்டாமைசின் அந்த வேலையை இன்றும் செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருப்பதும், பச்சிளங்குழந்தைகளின் செப்சிஸுக்கு, அதாவது தொற்றால் உடல் உறுப்புகளே தடுமாறும் நிலைக்கு, ஆம்பிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்தோடு சேர்த்து அது பரிந்துரைக்கப்படுவதும் காரணமில்லாமல் அல்ல. நான் கேட்பது ஒன்றுதான்: இந்த ஊசிக்கென்று, டோஸையும் கண்காணிப்பையும் பதியும் மருந்துத் தாள் ஒன்று தனியாக வேண்டும், அதில் சிறுநீரகத்துக்குக் கொடுக்கும் இடத்தை உட்செவிக்கும் கொடுக்க வேண்டும்.

இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்று ஓர் எண் ஆய்வகத்திலிருந்து வருகிறது, அது ஏறினால் மருத்துவரை அழைக்கிறோம். உட்செவிக்கு அப்படி ஓர் எண் இல்லை. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் மருந்தை நிறுத்தியபின் சீராகிவிடும். உட்செவியில் அழிந்த உணர்செல்களோ மீண்டும் முளைப்பதில்லை. ரத்தத்தில் மருந்தின் அளவு வரம்புக்குள் இருந்தபோதும் இந்தப் பாதிப்பு வருவதுண்டு என்பதால், ஆய்வக அறிக்கையை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

உட்செவி என்றதும் காது கேளாமைதான் பலர் நினைவுக்கு வருகிறது. ஜென்டாமைசின் கேட்கும் திறனையும் குறைக்கக்கூடியதுதான். ஆயினும் அது முதலில் தாக்குவது பெரும்பாலும் உடலின் சமநிலையை உணரும் பகுதியை. இரண்டு செவிகளும் ஒருசேரப் பாதிக்கப்படுவதால், பலருக்கு உலகமே சுழல்வதுபோன்ற தலைசுற்றல் வருவதில்லை. படுக்கையில் இருக்கும்வரை நோயாளிக்கு எதுவும் தெரியாது. எழுந்து நடக்கத் தொடங்கும்போது கால்கள் தடுமாறும், இருட்டில் சுவரைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும், நடக்க நடக்க எதிரே உள்ள பெயர்ப்பலகையும் முகங்களும் மேலும் கீழும் குதிக்கும். பல நாள் படுத்திருந்த பலவீனம் என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோமைசினால் சமநிலையை இழந்த ஒரு மருத்துவர், தம் நிலையை 1952இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். நாடித்துடிப்பால் தலை அசையும் அந்தச் சிறு அசைவே எழுத்துகளைக் கலங்கச் செய்ததால், கட்டிலின் கம்பிகளுக்கிடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் அவரால் படிக்க முடிந்தது. மருத்துவர் என்பதால் தமக்கு நேர்ந்ததைச் சொல்ல அவருக்கு மொழி இருந்தது. நம் நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு அது இல்லை.

ஆகவே ஒவ்வொரு நாளும் ஊசிக்கு முன்பு செவிலியர் கேட்க வேண்டிய கேள்விகள் தாளிலேயே அச்சாகியிருக்க வேண்டும். எழுந்து நின்றால் தள்ளாடுகிறதா, தலையை அசைத்தால் பார்வை கலங்குகிறதா, காதில் இரைச்சல் கேட்கிறதா என்பவை போதும். தலையை மெதுவாக இருபுறமும் ஆட்டியபடி சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால், மருத்துவர் பார்க்கும்வரை அடுத்த டோஸ் நிற்க வேண்டும். முதல் டோஸுக்கு முன்பே, இயன்றவரை, நோயாளியிடமோ உறவினரிடமோ இந்த அறிகுறிகளைச் சொல்லிவைப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். சொன்னால் பயந்துவிடுவார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தாய்வழி உறவினர் யாருக்காவது இத்தகைய ஊசிக்குப் பின் காது கேளாமல் போனதா என்றும் அப்போதே கேட்கலாம். ஏனெனில் தாயிடமிருந்து வரும் ஒருவகை மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குச் சரியான அளவிலேயே செவித்திறன் போகக்கூடும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் நன்றாக இயங்கும் பெரியவர்கள் பலருக்கு, கிலோவுக்கு 5 முதல் 7 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஒரே முறை கொடுக்கும் முறை பரவலாக உள்ளது. ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு உயர உயர பாக்டீரியா வேகமாகச் சாகிறது. பின்னர் ரத்தத்தில் மருந்து வடிந்துபோகும் நேரம் சிறுநீரகத்துக்கு ஓய்வாகிறது. இந்தக் கணக்கு முழுவதும் உடல் எடையில் நிற்க, கண்ணளவில் எழுதிய எடையை எத்தனை கேஸ் ஷீட்டுகளில் பார்க்கிறோம்! எடை இயந்திரத்தில் பார்த்ததா, மதிப்பிட்டதா என்று தாளில் குறிக்க இடம் வேண்டும். மிகப் பருமனானவர்களுக்கு எடையைத் திருத்தியே கணக்கிட வேண்டும். ரத்தத்தில் அளவு பார்க்க மாதிரி எடுக்கும்போது, முந்தைய டோஸ் தொடங்கிய நேரமும் மாதிரி எடுத்த நேரமும் இல்லாவிட்டால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. மருந்து ஏறிய அதே குழாயிலிருந்து ரத்தம் எடுத்தால் அந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். நாளுக்கு ஒரு முறை கொடுக்கும்போது, அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தத்தில் உள்ள அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பதே பொதுவான இலக்கு.

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசிமைடு, சில வலி நிவாரணிகள் ஆகியவற்றோடு சேரும்போதும், உடலில் நீர்ச்சத்து வற்றியிருக்கும்போதும், முதுமையிலும் ஆபத்து கூடுகிறது. மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச்சோர்வு நோய் உள்ளவர்களுக்கு இது மூச்சையே முடக்கக்கூடும். பென்சிலின் வகை மருந்தோடு ஒரே சிரிஞ்சில் கலந்தால் ஜென்டாமைசின் செயலிழக்கும். குழந்தைகள் பிரிவில் இன்னொரு கவலையும் உண்டு: ஒரு மில்லிலிட்டரில் 40 மில்லிகிராம் உள்ள ஆம்பூலும் 10 மில்லிகிராம் உள்ள ஆம்பூலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் அடுக்குவதைத் தடை செய்யுங்கள்.

மேலே சொன்ன எதையும்விடப் பாதிப்பைக் குறைப்பது, தேவையில்லாத நாளில் ஊசியை நிறுத்துவது. எந்தப் பாக்டீரியா என்று காட்டும் கல்ச்சர் சோதனையின் முடிவு வரும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் யாராவது உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். வேறு பாதுகாப்பான மருந்து போதும் என்றால் மாற்ற வேண்டும். இதயவால்வுத் தொற்று போன்ற சில நிலைகளில் நீண்ட நாள் தேவைப்படலாம், அங்கே காரணத்தை எழுதித்தான் தொடர வேண்டும். மறுபரிசீலனைத் தேதி எழுதப்படாத சீட்டுக்கு நான்காம் நாள் மருந்தகம் ஜென்டாமைசின் வழங்கக்கூடாது என்ற விதியை நீங்கள் இயற்றினால், மருத்துவரோடு வாதாடும் சங்கடம் மருந்தாளுநருக்கு இருக்காது. முதல் டோஸை மட்டும் எந்தத் தாளுக்காகவும் தாமதிக்க வேண்டாம். செப்சிஸில் நேரமே உயிர் என்பதால், இந்த விவரங்களை அடுத்த டோஸுக்குள் நிரப்பினால் போதும்.

இப்படிக்கு,
வார்டு மருந்தாளுநர் ஒருவர்