‘தூய அரபியர்’ என்னும் பாடத்தைத் திருத்துங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் தயாரிப்புக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இளங்கலை இஸ்லாமிய வரலாற்று மாணவர்களுக்கான முதலாண்டுப் பாடநூலில் இடம்பெற்றுள்ள ‘அரபு இனத்தின் தோற்றமும் பிரிவுகளும்’ என்ற பாடம் குறித்துத் தங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறேன். கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. புதிய பதிப்பு வெளிவந்ததும் ஆவலோடு வாங்கிப் பிரித்தேன். அட்டையின் நிறம் மாறியிருக்கிறது, தாளின் தரம் உயர்ந்திருக்கிறது, பாடம் மட்டும் பழைய எழுத்துப் பிழைகள் உட்பட அப்படியே இருக்கிறது. ஆகவே இம்முறை, நம் துறையில் பணியாற்றும் பிறரும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். தெற்கத்திய (யமன்) அரபியரின் மூதாதையாகச் சொல்லப்படும் கஹ்தானின் வழிவந்தோர் ‘கலப்பற்ற தூய அரபியர்’, வடக்கத்திய அரபியரின் மூதாதையாகச் சொல்லப்படும் அத்னானின் வழிவந்தோர் ‘பின்னர் அரபியராக ஆனோர்’ என்று பாடநூல் செய்யும் பிரிவினை, இடைக்கால வமிசாவளி அறிஞர்களின் மரபு வகைப்பாடு என்று குறிக்கப்பட வேண்டும். அதை இனவியல் உண்மையாக எழுதுவதையும், அந்த அடிப்படையில் கொள்குறி வினா கேட்பதையும் நிறுத்த வேண்டும்.

சென்ற பருவத் தேர்வில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். இருந்தும் அதைச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. என் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர், ‘அரபு இனத்தின் பிரிவுகளை விளக்குக’ என்ற பத்து மதிப்பெண் வினாவுக்கு மூன்று பக்கம் விடை எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் பாடநூல் சொல்வதை ஒழுங்காக எழுதிவிட்டு, அடுத்த இரண்டு பக்கங்களில் குளாஆ என்ற குலக்கூட்டம் முதலில் வடக்கு வமிசத்திலும் பின்னர் தெற்கு வமிசத்திலும் சேர்க்கப்பட்டதை எடுத்துக்காட்டி, இத்தகைய பட்டியல்கள் அரசியலோடு சேர்ந்தே வளர்ந்தன என்று வாதிட்டிருந்தார். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தோம். அந்த இரண்டு பக்கங்களின் குறுக்கே மூலையிலிருந்து மூலைக்குச் சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் ‘நூலில் இல்லை’ என்ற இரண்டு சொற்கள். மதிப்பெண் பத்துக்கு இரண்டு. மறுமதிப்பீட்டுக்குக் கட்டணம் செலுத்தினார். ‘மாற்றமில்லை’ என்று வந்தது. முதல் வகுப்பு கைநழுவியது. “சார், நான் எழுதினது தப்பா?” என்று அவர் கேட்டபோது, தப்பில்லை என்று சொல்வதைத் தவிர வேறொன்றும் என் கையில் இல்லை. திருத்தியவரை நான் குறை சொல்லவில்லை. விடைக்குறிப்பில் இருப்பதற்குத்தான் அவர் மதிப்பெண் போட முடியும். விடைக்குறிப்பு பாடநூலிலிருந்து வருகிறது. பாடநூல் தங்களிடமிருந்து வருகிறது.

அந்த மாணவி எழுதியது ஆய்வுலகில் எவரும் வியப்படையாத செய்தி. கல்ப் குலம் குளாஆவின் முதன்மைக் கிளை. உமய்யா அரசமரபை நிறுவிய கலீஃபா முஆவியாவின் மனைவி மைசூன் அக்குலத்தவர். முஆவியாவுக்குப் பின் கலீஃபாவான யஸீதின் தாய் அவர்தான். கி.பி. 684இல் மர்ஜ் ராஹித் போரில் கல்ப் குலத்தார் உமய்யாக்களில் ஒருவரான மர்வானின் பக்கம் நின்று கைஸ் குலத்தாரை முறியடித்தபின், சிரியாவின் அரசியலே கைஸ் (வடக்கத்தியர்), யமன் (தெற்கத்தியர்) என்று இரண்டாகப் பிளந்தது. அதுவரை அத்னானின் மகனாகச் சொல்லப்படும் வடக்கத்திய மஅத்தின் வழியில் எண்ணப்பட்ட குளாஆ, யமன் அணியோடு சேர்ந்து, கஹ்தானின் வழிவந்த ஹிம்யர் என்ற மூதாதையின் மகன்வழி என்று தெற்கு வமிசத்தில் இடம்பிடித்தது. இரண்டு கருத்துகளையும் ஆதரித்து அக்காலத்திலேயே கவிதைகள் பாடப்பட்டன, சண்டைகளும் நடந்தன. பிற்காலத்தார் அனைவரும் நம்பியிருக்கும் மாபெரும் வமிசாவளித் தொகுப்பைச் செய்த கூஃபா நகரத்து ஹிஷாம் இப்னு அல்கல்பி, பெயரே காட்டுவதுபோல, அந்தக் கல்ப் குலத்தவர். இதற்காக அவர் புனைந்தார் என்று பழி சொல்ல நான் வரவில்லை. அவருடைய உழைப்பு மலைக்க வைப்பது. ஆனால் ஒரு குலம் தன் மூதாதையையே மாற்றிக்கொள்ள முடிந்ததென்றால், அந்த மூதாதையின் வழியாக இரத்தத்தின் தூய்மையை அளப்பது எப்படி என்று ஒரு மாணவி கேட்கலாமல்லவா?

வமிசாவளி ஏன் அத்தனை முக்கியமாயிற்று என்பதற்கும் பாடநூலில் ஒரு வரி இல்லை. கலீஃபா உமர் ஏற்படுத்திய திவான் பதிவேட்டில் படைவீரர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உதவித்தொகை குலவாரியாகவே எழுதப்பட்டது. பஸ்ரா ஐந்து குலப்பிரிவுகளாகவும், கூஃபா முதலில் ஏழாகவும் பின்னர் நான்காகவும் நிர்வகிக்கப்பட்டன. குடும்ப அட்டையில் பெயர் இருந்தால்தான் அரிசி என்பதுபோல, பட்டியலில் எந்தக் குலத்தின்கீழ் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தே அன்று ஒருவருக்குக் கிடைக்கும் பணமும் பாதுகாப்பும் அமைந்தன. சிறு குலங்கள் பெரிய குலங்களோடு சேர்ந்தன. சேர்ந்தவர்கள் சில தலைமுறைகளில் பிள்ளைகளாகவே எழுதப்பட்டார்கள். இதை விளக்கினால் வகுப்பில் உறங்குகிற மாணவனும் எழுந்து உட்காருகிறான்; என் அனுபவம் இது. பாடநூலோ, நான்கு மூதாதையர் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறது.

‘தூய’ என்று பாடநூல் சான்றளிக்கும் தெற்கத்தியரின் கதைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பழைய யமனின் மக்கள் கல்லில் எழுதிவைத்த மொழிகள் சபாயி, மயீனி, கத்தபானி, ஹள்ரமி ஆகியவை. இவை அரபுக்கு உறவுள்ள மொழிகள். ஆனால் அரபு அல்ல. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் யமனை ஆண்ட ஹிம்யர் அரசின் மன்னர் அபீகரிப் அஸ்அத் தம்மைச் சபாவுக்கும், ரைதானுக்கும், ஹள்ரமவ்த்துக்கும், யமனத்துக்கும் அரசர் என்று சொல்லிக்கொண்டு, அதன் பிறகு மேட்டுநிலத்திலும் கடலோரத்திலும் வாழும் அரபியருக்கும் அரசர் என்று சேர்த்துக்கொள்கிறார். அதாவது அவருடைய பட்டப்பெயரில் அரபியர் என்போர், ஆளப்படும் வேறொரு கூட்டத்தார். பாடநூலோ அவருடைய மக்களையே அரபியரிலும் தூய அரபியர் ஆக்கிவிட்டது. ஹிம்யரின் மொழி நம் மொழி அன்று என்ற பொருளில் 8ஆம் நூற்றாண்டின் பஸ்ரா இலக்கண அறிஞர் அபூ அம்ர் இப்னுல் அலா சொன்னதாகவும் ஒரு பழைய குறிப்பு உண்டு. மஹ்ரி, ஸுகுத்ரி முதலிய அரபல்லாத தென்மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர் இன்றும் யமனிலும் ஓமனிலும் வாழ்கிறார்கள். இவர்களில் ஒருவர் நம் தேர்வை எழுதினால் எந்த விடைக்கு வட்டமிடுவார் என்பதைத் தாங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

வடக்கிலும் நிலைமை இவ்வளவு எளிதன்று. அரபியரைக் குறிக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று அசீரிய மன்னர் மூன்றாம் ஷல்மனேசரின் கல்வெட்டு. கி.மு. 853இல் கர்கர் போரில் அவரை எதிர்த்த கூட்டணியில் ஆயிரம் ஒட்டகங்களோடு வந்த அரபியனான கிந்திபு என்ற தலைவனை அது குறிக்கிறது. அவன் எந்த வமிசம் என்று சொல்லவில்லை. சிரியாவுக்கும் ஜோர்தானுக்கும் இடைப்பட்ட கரும்பாறைப் பாலையில், கிறிஸ்து பிறப்புக்குச் சற்று முன்னும் பின்னுமான நூற்றாண்டுகளில் ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் கல்லில் கீறி வைத்துள்ளார்கள். ஒருவர் தம் பெயரைச் சொல்லி, தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று சிலவேளை பத்துத் தலைமுறைக்குமேல் ஏறிப்போகிறார். பிறகு தம் குலத்தைச் சொல்கிறார். பிறகு மழைக்குக் காத்திருந்ததையோ, இறந்த தோழனின் கற்குவியலைக் கண்டு அழுததையோ எழுதி, லாத் என்ற பெண் தெய்வத்திடம் பாதுகாப்பு வேண்டி முடிக்கிறார். முன்னோர் பெயரை இத்தனை அக்கறையாக எண்ணிய அந்த மக்களின் கற்களில், அத்னானியர், கஹ்தானியர் என்று இரு பெரும் கிளைகளாகப் பிரிந்து நின்றதற்குத் தடயமே இல்லை. இந்தக் கல்வெட்டுகளைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருந்தால் நம் மாணவர்கள் அக்கால மனிதர்களை அவர்களுடைய சொற்களிலேயே சந்தித்திருப்பார்கள்.

மரபைக் குலைப்பதாக யாரேனும் என்மீது வருத்தப்படக்கூடும் என்பதால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வமிசம் அத்னான் வரை ஒருமித்த கருத்தோடும், அதற்கு மேலே கருத்து வேறுபாட்டோடும் சொல்லப்படுவது என்பதை முஸ்லிம் அறிஞர்களே தொடக்கம் முதல் எழுதி வந்திருக்கிறார்கள். வமிசம் என்பது கற்பனையில் நிற்கும் ஒன்று, மக்களிடையே உண்டாக்கும் பிணைப்பே அதன் பயன் என்று 1377இல் தம் முகத்திமாவில் எழுதியவர் இப்னு கல்தூன். அவரே தம் முன்னோரை ஹள்ரமவ்த்திலிருந்து கணக்கிட்டவர். இவர்கள் துணிந்து எழுப்பிய ஐயத்தை நாம் ஏன் மாணவர்களிடமிருந்து மறைக்கிறோம்? மரபைச் சொல்லிக் கொடுங்கள். அழிந்துபோன ஆது, ஸமூது கூட்டத்தார் முதல் நபிகளாரின் குலமான குறைஷிகள் வரை அத்தனையும் சொல்லிக் கொடுங்கள். யார், எப்போது, எதற்காகச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதே நான் கேட்பது.

இது ஏட்டுச் சண்டை அன்று. 2021இல் கத்தார் முதன்முதலாகத் தன் ஷூரா (ஆலோசனை) அவைக்குத் தேர்தல் நடத்தியபோது, யார் மூலக் குடிமகன், யாருடைய பாட்டன் கத்தாரில் பிறந்தவர் என்ற கணக்கில் வாக்குரிமை பிரிக்கப்பட்டது. விடுபட்ட ஆல் முர்ரா குலத்தவர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2024 நவம்பரில் பொதுவாக்கெடுப்பின் மூலம் அந்தத் தேர்தல் முறையே கைவிடப்பட்டது. குவைத்தில் 1959ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ், 1920க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்ததைக் காட்ட முடியாத பாலைநிலக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் ‘பிதூன்’ என்ற பெயரோடு நாடற்றவர்களாக இருக்கிறார்கள். சூடானில் நைல் கரையின் ஜஅலிய்யீன் குலத்தார் நபிகளாரின் சிறிய தந்தை அப்பாஸின் வழிவந்தோராகத் தம்மைச் சொல்லிக்கொள்வதும், தார்ஃபூரில் 2003 முதல் அரபியர், அரபல்லாதார் என்ற பிளவு உயிர்களைக் குடித்ததும் நம் மாணவர்கள் செய்தித்தாளில் படிப்பவை. செய்தித்தாளைப் புரிந்துகொள்ளப் பாடநூல் உதவவில்லையென்றால் அதை எதற்குப் படிக்கிறோம்?

நம் ஊர்க் கதையும் இதிலிருந்து தொலைவில் இல்லை. இலங்கை முஸ்லிம்களான சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட, 1907இல் சோனகர் தரப்பில் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அரபு வழித்தோன்றல் என்று மறுத்து எழுத, இரண்டுக்கும் பின்னால் சட்டசபை இருக்கைகள் இருந்தன. தமிழகக் கடற்கரை ஊர்களில் பெண் பார்க்கப் போகும்போது, “நாங்க அரபு வமிசம், அவங்க இங்கேயே மாறினவங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிற பெரியவர்களைக் கேட்டிராதவர் நம் குழுவில் இருக்க மாட்டார். அரபிக்கு அரபியல்லாதாரைவிட மேன்மை இல்லை என்ற இறுதிப் பேருரையை வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டுச் சனிக்கிழமை இந்தப் பேச்சு நடக்கிறது. அதற்கு இனிமேல் அச்சிட்ட ஆதாரமும் கிடைத்துவிட்டது: பாடநூலில் இத்தனையாவது பக்கம். அடுத்த பதிப்பில் எச்சில் மாதிரியைக் கொண்டு செய்யும் மரபணுச் சோதனை முடிவுகளை இணைப்பாகச் சேர்த்து, யார் எத்தனை விழுக்காடு என்றும் அச்சிட்டுவிட்டால் திருமணத் தரகர்களின் வேலையும் மிச்சம்.

கேலி அளவு கடந்துவிட்டது, பொறுத்தருள்க. தாங்கள் மிகுந்த பணிச்சுமைக்கு நடுவே, குறைந்த மதிப்பூதியத்துக்கு இந்த நூலைத் தயாரித்தீர்கள் என்பதை அறிவேன். தமிழில் இத்துறைக்கு வேறு நூல் இல்லை என்பதால்தான் இந்த நூலைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். ஆங்கிலத்திலோ அரபியிலோ படிக்க முடிந்த மாணவர் தாமே மாற்றுக் கருத்தைத் தேடிக்கொள்வார். தமிழ்வழி மாணவருக்குத் தாங்கள் எழுதியதே முதலும் முடிவும்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். புதிய பதிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே பக்கத் திருத்த இணைப்பை எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பினால் போதும். ‘தூய அரபியர்’ என்ற கொள்குறி வினாவை வினா வங்கியிலிருந்து நீக்குங்கள். பாடநூலுக்கு வெளியிலிருந்து ஆதாரத்தோடு எழுதப்படும் விடைக்கும் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்க்குமாறு தேர்வுப் பிரிவுக்குப் பரிந்துரையுங்கள். அந்த மாணவியின் விடைத்தாள் நகலை, அவருடைய ஒப்புதலோடு, பெயரையும் பதிவெண்ணையும் மறைத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் சிவப்புக் கோட்டுக்கு அடியில் உள்ள அந்த இரண்டு பக்கங்களை ஒருமுறை படித்து, தாங்களாக இருந்தால் எத்தனை மதிப்பெண் இட்டிருப்பீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். துணைத்தேர்வுக்கு முன்பே பதில் கிடைத்தால் இந்த ஆண்டு எழுதவிருக்கும் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தமிழ்வழியில் இஸ்லாமிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்