பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்திருக்கும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

உன் கடிதத்தை நேற்று ராத்திரி நானும் அப்பாவும் சேர்ந்து படித்தோம். அப்பா மறுபடியும் ஒரு தடவை படித்துவிட்டு, "இவன் இவ்வளவு எழுதுவான்னு எனக்குத் தெரியாதே" என்றார். எனக்கும் தெரியாது. ஃபோனில் "ம்", "சரிம்மா" தவிர வேறு வார்த்தை வராத பிள்ளை, பேண்டு அணிவகுப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறாய்.

நீ கேட்டதற்கு நேராக வருகிறேன். எல்லாரோடும் கால் சேர்ந்து விழும்போது நெஞ்சு விம்முகிறது, இங்கேதான் நான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, யூனிஃபார்மைக் கழற்றி மாட்டியதும் அது வடிந்துவிடுகிறது என்கிறாய். அப்படியானால் அது என்னுடைய உணர்வா, டிரம் உண்டாக்கிய மயக்கமா என்று கேட்டிருக்கிறாய்.

பெரும்பங்கு டிரம்முடைய வேலைதான். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

விரைநடைக்கான இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டியே போகும். யாரும் சொல்லாமல், தன் போக்கில் ஒருவர் விறுவிறுவென்று நடக்கிற வேகமும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் அந்தத் தாளம் உன் காதுக்கு வருமுன்பே உன் காலில் பாதி இருக்கிறது. வில்லியம் மெக்நீல் என்று ஒரு வரலாற்றாசிரியர், 1941இல் அமெரிக்க ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு டெக்சாசில் மணிக்கணக்கில் டிரில் செய்தவர். பயனில்லாத வேலை என்று தெரிந்தும், எல்லாரோடும் கால் வீசி நடந்தபோது தான் பெரிதாகிவிட்டதுபோல ஒரு சுகம் வந்தது அவருக்கு. அது ஏன் என்று பல பத்தாண்டுகள் யோசித்து 1995இல் அதைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். நடனம், டிரில், கூட்டு வேலை எல்லாவற்றிலும் தசைகள் ஒன்றாக அசைவதாலேயே மனிதர்களுக்குள் ஒரு பிணைப்பு உண்டாகிறது என்பது அவர் கட்சி.

பின்னாளில் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2009இல் வில்டர்முத், ஹீத் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், சற்று நேரம் கால் சேர்த்து நடந்தவர்கள், இஷ்டப்படி நடந்தவர்களைவிட அடுத்து வந்த விளையாட்டில் ஒருவரோடொருவர் கூடுதலாக ஒத்துழைத்தார்கள். 2014இல் வந்த கனடா ஆய்வு இன்னும் அழகு. பதினாலு மாதக் குழந்தைகளை இசைக்கு ஏற்பத் தூக்கித் தூக்கி ஆட்டினார்கள். எதிரே நின்றவர் தன்னோடு சேர்ந்து ஆடியிருந்தால், பிறகு அவர் எதையாவது கீழே தவறவிட்டபோது குழந்தை எடுத்துக் கொடுக்க அதிகமாக முன்வந்தது. பேச்சு வராத குழந்தைக்கே அப்படி என்றால் உனக்கு நெஞ்சு விம்மாமல் என்ன செய்யும்?

ஆனால் இதிலேயே ஒரு வில்லங்கமும் இருக்கிறது, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதே வில்டர்முத் 2012இல் இன்னொன்று எழுதினார். தலைமை தாங்குபவரோடு இசைந்து அசைந்தவர்கள், அவர் சொன்னார் என்பதற்காகச் சின்னப் பூச்சிகளைச் சாகடிக்கும் வேலைக்கும் மற்றவர்களைவிட அதிகமாக இணங்கினார்களாம். கால் சேர்ந்தால் மனம் சேரும், மனம் சேர்ந்தால் எதற்கும் சேரும். எங்கே போகிறோம் என்று தாளம் கேட்பதில்லை.

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி முதல் தேதி வியன்னா கச்சேரியின் கடைசியில் சபை முழுக்கக் கைதட்டுமே, அந்த ராடெட்ஸ்கி மார்ச் என்ற நடையிசையை எடுத்துக்கொள். மூத்த ஜோகன் ஸ்ட்ராஸ் 1848இல் எழுதியது. இத்தாலிய எழுச்சிக்கு எதிரான போரில் வென்ற ராடெட்ஸ்கி என்ற ஆஸ்திரியத் தளபதிக்குச் செய்த மரியாதை அது. தட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கும்? உன் பேண்டில் இருக்கும் பேஸ் டிரம், சிம்பல் சங்கதியும் இப்படித்தான். உதுமானியத் துருக்கிப் படைகளோடு போன மெஹ்தர் வாத்தியக் குழுக்களிடமிருந்துதான் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ராணுவ பேண்டுகள் அவற்றை எடுத்துக்கொண்டன. எதிரியைக் கலங்கடிக்க எழுப்பிய சத்தம் அது. அதே பேஸ் டிரம், சிம்பல், டிரையாங்கிள் மூன்றையும் பேத்தோவன் 1824இல் தன் ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் வைத்தார், மனிதரெல்லாம் சகோதரர் ஆவார் என்று பாடுகிற இடத்துக்கு நடுவே ஒரு நடையிசையாக. கருவி அதுவேதான், யாரைப் பயமுறுத்த, யாரைச் சேர்த்துக்கொள்ள என்பது மட்டும் வேறு.

அதனால் அந்த விம்மல் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அது எல்லாருக்கும் சும்மா கிடைக்கிற ஒன்று, அவ்வளவே. அதை வைத்து "எனக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது" என்று முடிவு கட்டாதே. உனக்கு இடம் கிடைத்ததற்கான அடையாளம் உன் கடிதத்திலேயே வேறொரு பக்கத்தில் இருக்கிறது. நீ அதை அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய்.

"காதை நம்பாதே, கையைப் பார் என்று டிரம் மேஜர் கத்திக்கொண்டே இருக்கிறார், இசைக்காரனிடம் காதை நம்பாதே என்றால் என்ன நியாயம்" என்று எழுதினாயே, அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். நீ மைதானத்தின் ஒரு கோடி, டிரம்பெட் வரிசை ஐம்பது மீட்டர் தள்ளி மறு கோடி என்றால், அவர்கள் ஊதுவது உன்னை வந்து சேர ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகிவிடும். 120 வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே இருப்பதே அரை நொடி. அவர்களைக் கேட்டுக் கேட்டு நீ ஊதினால், ஓர் அடியில் கால் பங்குக்கும் மேலே பிந்தியிருப்பாய். உன்னைக் கேட்டு அவர்களும் ஊதினால் இன்னும் பிந்தும். இரண்டு பக்கமும் உண்மையாகக் காது கொடுத்தும், பாட்டு நடுவில் கிழிந்துவிடும். அதனால்தான் எல்லாரும், முன்னால் நின்று தாளம் காட்டுகிற டிரம் மேஜரின் ஒரே கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. டிரம் வரிசைக்கு முன்னால் நிற்பவர்கள் மட்டும் பின்னாலிருந்து வரும் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளலாம், அது அவர்களைத் தாண்டித்தான் பார்வையாளர்களிடம் போகிறது என்பதால்.

நான் சைடு டிரம் மாட்டிய காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் தோள்வாரும், தொடையில் டிரம்மின் விளிம்பு இடித்து இடித்து வந்த நீலமும்தான். எனக்குப் பின்னால் பேஸ் டிரம். அடிப்பவளின் முகத்தைப் பயிற்சி முடிந்த பிறகுதான் பார்ப்பேன். ஆனால் அவள் கையோங்கும்போது மூச்சு இழுப்பது எனக்குக் கேட்கும், அந்த மூச்சை வைத்தே அடி எப்போது விழும் என்று சொல்லிவிடுவேன். அவள் ஒருநாள் வராமல் வேறு ஒருத்தி மாட்டிக்கொண்டு நின்றபோது, சரியாகத்தான் அடித்தாள் பாவம், எனக்குத்தான் கால் தடுமாறியது. இசை நெஞ்சை அடைத்ததாக எனக்குப் பெரிய ஞாபகம் எதுவும் இல்லை. இது இருக்கிறது.

குதிகாலை முதலில் வைத்து விரல் நுனிவரை உருட்டி நட என்று சொல்லிக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். அது பார்வைக்கு அழகாக இருப்பதற்காக மட்டும் இல்லை. தொம்மென்று பாதம் வைத்தால் அந்த அதிர்ச்சி முதுகேறி உதடுவரை போகும், ஊதும் சுரம் நடுங்கும், பித்தளை வாத்தியக்காரருக்கு உதட்டில் அடியும் படலாம். பக்கத்து கிளாரினெட் பையனுக்கு அது பிடிபடவில்லை, சாயங்காலம் வெறும் மைதானத்தில் அவனோடு வாத்தியம் இல்லாமல் நடந்து காட்டினேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாய். யூனிஃபார்மைக் கழற்றினாலும் வடியாதது அதுதான் கண்ணா. அந்தப் பையனுக்கு நீ யார் என்று இப்போது தெரியும்.

சரி, நம்பிக்கைக்கு வருகிறேன். மார்ச் கேட்டால் நாளை நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது, அது ஏன் என்று தெரியவில்லை என்கிறாய். கொஞ்சம் தச்சு வேலையும் அதில் இருக்கிறது.

ஜான் பிலிப் சூசா என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் பாணி மார்ச்சுகளைக் கவனித்தால், முதலில் இரண்டு பகுதிகள் வீறாப்பாக வரும். அப்புறம் டிரையோ. அங்கே சுருதி மாறும், எழுத்தில் ஒரு ஃபிளாட் (சுரத்தை அரைப் படி இறக்கும் குறி) கூடும், சத்தம் தணியும், மெட்டு பாடக்கூடியதாகிவிடும். அதன் பிறகு பித்தளையும் மரக்குழல்களும் மோதிக்கொள்கிற ஒரு ரகளையான துண்டு. அது ஓய்ந்ததும் அதே டிரையோ மெட்டு பெரிதாகத் திரும்பி வரும். முக்கியமான விஷயம் என்னவென்றால், பெரும்பாலும் அது புறப்பட்ட சுருதிக்குத் திரும்பாது. போன இடத்திலேயே முடியும். நம் காது எங்கோ முன்னேறி வந்துவிட்டதாக நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவருடைய ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர் என்ற மார்ச் பிறந்தது 1896இல், ஐரோப்பாவிலிருந்து திரும்பும் கப்பலில். தன் பேண்டின் மேலாளர் இறந்துவிட்டார் என்ற செய்தி கேட்டுக் கிளம்பியிருந்தார். மேல்தளத்தில் நடந்துகொண்டே இருந்தபோது தலைக்குள் ஒரு பேண்டு ஓயாமல் வாசித்ததாகவும், கரை சேர்ந்த பிறகே அதைத் தாளில் எழுதியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அதன் டிரையோ மெட்டு மூன்று தடவை வரும். மெட்டு மாறவே மாறாது. இரண்டாம் தடவை பிக்கலோ என்கிற சின்னப் புல்லாங்குழல் அதன் மேலே துள்ளும், மூன்றாம் தடவை டிராம்போன் கீழிருந்து எதிர்மெட்டு போடும். ஆள் சேரச் சேர அதே பாட்டு வேறு பாட்டாகிவிடுகிறது. இழவுச் செய்தியோடு கப்பலேறியவர் செய்தது அது.

வாத்தியமே இல்லாமலும் இது நடக்கும். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போனவர்களிடம் பேண்டு இல்லை. நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டுத்தான் இருந்தது. கால்தான் டிரம்.

நீ கடைசியில் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வரிசைக்கு வெளியே நிற்பவர்கள் என்ன ஆவார்கள், நடக்க முடியாதவர்கள், வாத்தியம் தெரியாதவர்கள், தேர்வில் கழிக்கப்பட்டவர்கள்? உன் கூட்டாளி ஒருவன் தேர்வாகவில்லை என்று எழுதியிருந்தாய், அந்த உறுத்தல் எனக்குப் புரிகிறது. இதற்கு அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே சவ ஊர்வலத்தில் பித்தளை பேண்டு முன்னே போகும். கல்லறை வரை மெதுவான சோகப் பாட்டு. அடக்கம் முடிந்து விடைபெற்றதும் டிரம் வேகம் பிடிக்கும், பேண்டு குதூகலமாகத் திரும்பும். பேண்டுக்கும் குடும்பத்தாருக்கும் பின்னால், தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் குடையையும் கைக்குட்டையையும் ஆட்டிக்கொண்டு சேர்ந்துகொள்வார்கள். இரண்டாம் வரிசை என்று அதற்குப் பெயர். தேர்வு கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது, கால் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்த இரண்டாம் வரிசை இல்லாவிட்டால் முதல் வரிசைக்கு அங்கே வேலையே இல்லை என்பது என் எண்ணம். உன் கூட்டாளியைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போ. வாத்தியம் தூக்க, மைதானத்தில் புள்ளி குறிக்க, தூரத்தில் நின்று வரிசை கோணுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் எப்போதும் தேவைப்படும். ஆனால் பரிதாபப்பட்டுக் கூப்பிடாதே, அவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று. எதற்காக நடக்கிறோம் என்று கேட்கும் உரிமை வரிசையில் நிற்பவனுக்கும் உண்டு. என்றைக்காவது ஒரு நிகழ்ச்சிக்கு ஊத உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால், முந்தின வாரமே போய் மரியாதையாகச் சொல்லிவிடு. அன்று காலையில் தலைவலி என்று படுத்துக்கொள்ளாதே. பக்கத்தில் இருப்பவன் உன் இடத்தையும் சேர்த்து நடக்க வேண்டிவரும்.

அப்புறம், டிரம் வரிசைக்கு முன்னால் நிற்கிறாய் என்பதால் காதடைப்பான் வாங்கிக்கொள். சைடு டிரம் பக்கத்திலிருந்து மணிக்கணக்கில் கேட்டால் காது திரும்ப வராது, நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. புது ஷூவை நிகழ்ச்சி நாளில் முதல்முறையாகப் போடாதே, பயிற்சியிலேயே போட்டுப் பழக்கிக்கொள். பதிவு அனுப்பினால் வரிசைக்குள்ளிருந்து எடுத்ததை அனுப்பாதே, உள்ளே உன் சத்தமும் பக்கத்தவன் சத்தமும்தான் கேட்கும். உன் கூட்டாளியிடம் ஃபோனைக் கொடுத்து எதிர்ப்பக்கம் உயரத்திலிருந்து எடுக்கச் சொல். டிரையோ வரும்போது நீ எந்தப் பக்கம் இருப்பாய் என்று முன்கூட்டியே எழுது, அப்பா ஒவ்வொரு தொப்பியாகத் தேடிக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
அம்மா